பருவமழையை அறிவிப்பது மூன்றாவது பெஞ்ச்!

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று செய்தியில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஆட்டம் நடக்கிறது தெரியுமா? திருவனந்தபுரத்தில் காலநிலையும் சுற்றுச்சூழலும் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, அந்த ஆட்டத்தை மாணவர்கள் கையில் கொடுக்கிற நாள்தான் வருடத்திலேயே பெரிய திருநாள். முந்தின இரவு வீட்டில் சாப்பிட இடமிருக்காது, மேஜை முழுக்க மழைக் கணக்கு. பழைய வருடங்களின் மே, ஜூன் அளவுகளை எடுத்து, எந்த வருடம் என்று தெரியாதபடி தலைப்பை வெட்டி, குழுவுக்கு ஒரு கட்டாகப் பிரித்து வைப்பேன். கேள்வி ஒன்றுதான்: நீங்கள்தான் வானிலைத் துறை, எந்தத் தேதியில் அறிவிப்பீர்கள்?

விதிகள் கறாரானவை. மே 10-க்குப் பிறகு, மினிக்காய், அமினி தீவுகளில் தொடங்கி திருவனந்தபுரம், புனலூர் என்று மங்களூரு வரைக்கும் 14 நிலையங்களைப் பார்க்க வேண்டும். அதில் 60 சதவீதம், அதாவது குறைந்தது ஒன்பது நிலையங்களில், அடுத்தடுத்து இரண்டு நாள் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் மழை பெய்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. மேற்குக் காற்று சுமார் 4 கிலோமீட்டர் உயரம் வரை நிரம்பி வீச வேண்டும், கீழடுக்கில் அதற்கு 15 முதல் 20 நாட் (knot) வேகம் வேண்டும், மேகம் திரண்டிருப்பதைச் செயற்கைக்கோளும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பத்தே நிமிடத்தில் வகுப்பு ரகளையாகிவிடும். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கொல்லத்துப் பையன், "டீச்சரே, மழ வந்நு!" என்று எழுந்து நிற்பான். பக்கத்தில் மார்த்தாண்டத்துப் பெண் அவனை இழுத்து உட்காரவைப்பாள்: "இருடே, காத்து காணாதுல்லா?" எட்டு ஊர் நனைந்திருக்கும், ஒன்பதாவது ஊர் அடம்பிடிக்கும். அரபிக்கடலில் பிபர்ஜாய் புயல் புகுந்து குழப்பிய 2023-ல் ஜூன் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டு யாருக்குப் போகிறதோ அவர்கள் பாடு திண்டாட்டம். 2025-ஐ வாங்கிய குழுவுக்கு மே 24-லேயே எல்லாம் கூடிவந்துவிடும். இவ்வளவு சீக்கிரமா என்று நம்பாமல் திரும்பத் திரும்பக் கூட்டிப்பார்ப்பார்கள். வெட்டிய தலைப்பை நான் வெளியே எடுக்கும்போது எழுகிற கூச்சலைப் பக்கத்து வகுப்பு பொறுத்துக்கொள்கிறது, அவர்களுக்கு நன்றி!

இந்த ஊரில் இந்தப் பாடம் நடத்துவது எவ்வளவு பெரிய கொடுப்பினை! எண்கள் இங்கேயே பிறக்கின்றன. விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் வானிலை நிலையம் பலூன் ஏற்றுகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, பலூன் பெருத்துக்கொண்டே போய், சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கும். அதுவரை அனுப்பிய வெப்பமும் ஈரமும் காற்றும் பத்து மணி வகுப்புக்கு என் கையில் இருக்கும். இன்றைக்கு நம் தலைக்கு மேலே இருந்த ஆகாயம் இது என்று சொல்லி வரைபடத்தாளை நீட்டினால், தூங்கி வழிகிற பிள்ளைகூட நிமிர்ந்துவிடும். தும்பாவிலிருந்து கிளம்பும் ஆர்.ஹெச்.-200 ராக்கெட் இன்னும் உயரே போய்ச் செம்புத் துகள்களைத் தூவும். அவை எந்தப் பக்கம் மிதக்கின்றன என்று ரேடாரில் பார்த்தால் அங்கே வீசும் காற்றும் பிடிபட்டுவிடும்.

இதெல்லாம் நேற்று வந்ததில்லை. நாம் கச்சேரியில் கேட்கிற கீர்த்தனைகளை இயற்றிய அதே சுவாதித் திருநாள்தான் 1837-ல் இங்கே வானாய்வகம் கட்டினார். 1852-ல் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் ஊருக்குள் அளந்தது போதாதென்று 1855-ல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் அமைத்தார். நம்ம பொதிகை! யானைக் காட்டைத் தாண்டிக் கருவிகளைத் தூக்கிப்போய், மேகத்துக்குள் உட்கார்ந்து காந்த ஊசியின் அசைவை ஆட்கள் குறித்துவந்தார்கள். இரண்டு இடங்களின் அளவீடுகளும் 1874-ல் புத்தகமாயின. களப்பயணத்தில் கொசு கடிக்கிறது என்று முனகுகிறவர்களுக்கு நான் பிரௌன் கதையைத்தான் சொல்வேன்.

களப்பயணம் என்றதும் ஆக்குளம். பொழுது விடிவதற்குள் காயலோரம் நிற்க வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜனைத் தண்ணீரில் விடும், ராத்திரி முழுக்க எல்லா உயிர்களும் அதைச் செலவழிக்கும். அதனால் விடியும் நேரத்தில்தான் இருப்பு அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில், ஒரு குமிழிகூட மாட்டாமல் தண்ணீர் பிடிக்க வேண்டும். மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். முதல்நாள் வெள்ளாயணி ஏரித் தண்ணீரில் இதைச் செய்தபோது பழுப்பாகப் படிவு இறங்கியது. ஆக்சிஜன் இருக்கிறது என்று அர்த்தம். ஆக்குளத்தில் ஓடை வந்து சேருகிற இடத்துத் தண்ணீரில் படிவு வெள்ளையாகவே நின்றுவிடும். மீன் மூச்சுவிட அங்கே ஒன்றுமே மிச்சமில்லை. அந்த வெள்ளையைப் பார்த்ததும் பாட்டில் கைமாறிக் கைமாறிப் போகும், யாரும் பேச மாட்டார்கள். நகரத்துக் கழிவைச் சுமந்து இந்தக் காயலுக்கு வருகிற ஆமயிழஞ்சான் ஓடையைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையம் அருகே அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு இருக்கிற நீர் மாசு அத்தியாயத்தை நான் அரைப் பக்கத்தில் முடிக்க மாட்டேன்.

இப்போது கையில் இருப்பது வினாத்தாள் வேலை. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 2025 மே 24-ல் சாய்ந்து மறுநாள் மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள். சில நாளில் அவற்றில் இருந்த துவரம்பருப்பு அளவு பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரையெல்லாம் ஒதுங்கி, குமரிக் கரையையும் எட்டிவிட்டன. இப்படி ஒரு பாடம் கடற்கரையில் கிடக்கும்போது பழைய வினாத்தாளைத் தூசு தட்டுவதா? மணலில் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, சலித்து, மணிகளை எண்ணுவது செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வில் முதல் கேள்வி: கொச்சிக்குப் போகும் வழியில் மூழ்கிய கப்பலின் சரக்கு தெற்கே ஏன் வந்தது? பருவமழைக் காலத்தில் இந்தக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும் என்பதைப் பெரும்பாலானவர்கள் எழுதிவிடுவார்கள். அடுத்த கேள்விக்குத்தான் கை பரபரக்கிறது: இதே கப்பல் டிசம்பரில் மூழ்கியிருந்தால் மணிகள் எந்தெந்த ஊர்க் கரையில் ஒதுங்கியிருக்கும்? வரைபடம் வரைந்து காட்டுக. 15 மதிப்பெண்.