வாடகைச் சட்டம் மலை ஏறவில்லை: வாழவந்தி நாட்டில் வீடு தேடுவோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

கொல்லிமலை வட்டத்தின் தலைமையிடமான செம்மேடு, வாழவந்தி நாடு ஊராட்சியில் இருக்கிறது. மாறுதலில் வரும் ஆசிரியர், செவிலியர், வருவாய்த் துறை ஊழியர், வங்கிப் பணியாளர் எல்லாரும் வந்த முதல் வாரத்திலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மேலேயே வீடு பிடிப்பதா, இல்லை காளப்பநாயக்கன்பட்டியிலோ சேந்தமங்கலத்திலோ குடியிருந்துகொண்டு காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்குவதா? மழைக் காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் கீழே இருப்பவருக்கு அன்றைய வேலை போச்சு. மேலேயோ வாடகைக்கு விடுகிற மாதிரி கட்டிய வீடுகள் குறைவு. டீக்கடையில் ஒருவர், சத்துணவுக் கூடத்தில் ஒருவர் என்று வாய்வழியாக விசாரித்துத்தான் வீடு அமைகிறது. பேச்சும் வாய்வழியாகவே முடிந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சந்தேகம்: மேலே குடியிருந்தாலும் கீழே குடியிருந்தாலும் வாடகைச் சட்டம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. பலருக்கும் தெரியாத செய்தி இது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்கானது. நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி எல்லாம் அதற்குள் வருகின்றன. கொல்லிமலையின் 14 நாடுகளும் கிராம ஊராட்சிகள். ஆகவே அடிவாரப் பேரூராட்சியில் வாடகைக்கு இருப்பவருக்குத் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் வாடகை அதிகாரியாக உண்டு. வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் அவரிடம் மனு கொடுக்கலாம். வாடகையை வாங்க மறுத்தால் அவரிடமே கட்டலாம். வாழவந்தி நாட்டில் குடியிருப்பவருக்கு இந்த வாசல் கிடையாது.

அதற்காக மலைமேல் சட்டமே இல்லை என்று எண்ண வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அங்கே பொருந்தும். ஆனால் அது பெரும்பாலும், இருவரும் என்ன பேசி முடித்தார்களோ அதைத்தான் காப்பாற்றும். பேசியது எழுத்தில் இல்லையென்றால், எதைக் காப்பாற்றுவது என்று அதற்குத் தெரியாது. மலையில் வீடு பிடிக்கிறவருக்குச் சமவெளிக்காரரைவிடக் காகிதம் அதிகம் தேவைப்படுவதற்குக் காரணம் இதுதான்.

சந்தேகம்: வாய்ப்பேச்சு ஒப்பந்தம் செல்லாதா? 11 மாதம் என்று ஏன் எழுதுகிறார்கள்?

ஊராட்சிப் பகுதியில் வாய்ப்பேச்சும் செல்லும். மாத வாடகை பேசி, சாவியைக் கொடுத்து, ஆளைக் குடியேற்றிவிட்டாலே சட்டப்படி அது மாதாந்தரக் குத்தகை. வேறு நிபந்தனை பேசாத நிலையில், இரு தரப்பில் யாரானாலும் 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அதை முடித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் நடக்கிற காலத்தில் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு குடும்பத்துக்கு 15 நாள் போதவே போதாது. அதனால்தான் எழுதிக்கொள்ளச் சொல்கிறோம். இரண்டு மாத முன்னறிவிப்பு என்று எழுதினால் அது இருவரையும் கட்டும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 11 மாதம். அடிவாரப் பேரூராட்சிகளில் நிலைமை வேறு. அங்கே எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். ஒப்பந்தம் போடாமல் இருப்பதே வாடகைதாரரை வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. காளப்பநாயக்கன்பட்டியில் பல ஆண்டுகளாக வாய்ப்பேச்சிலேயே குடியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சந்தேகம்: அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

நகர்ப்புறச் சட்டம், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். மலையில் எந்த உச்ச வரம்பும் இல்லை. என்றாலும் மூன்று மாதம் என்ற அளவை அளவுகோலாக வைத்துப் பேசலாம். அதில் யாருக்கும் நட்டமில்லை. அட்வான்ஸைக் கையில் ரொக்கமாகக் கொடுப்பதைவிட வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்துவது நல்லது. குடியேறும் நாளில் மின் மீட்டரின் அளவு, சுவரின் ஓதம், கதவு ஜன்னலின் நிலை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து இருவரும் கையெழுத்திட்டால், காலி செய்யும்போது "இதை நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்ற பேச்சு எழாது.

சந்தேகம்: மாத வாடகை வேண்டாம், மொத்தமாகப் பணம் கொடுத்துப் போக்கியத்துக்கு இருங்கள் என்கிறார் வீட்டுக்காரர். நல்லதுதானே?

மாதச் செலவு மிச்சம் என்பதால் இது கவர்ச்சியாகத் தெரியும். வீட்டுக்காரருக்கும் மகள் கல்யாணத்துக்கோ மிளகுத் தோட்டத்துக்கோ மொத்தப் பணம் கிடைக்கிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் போக்கியம் என்பது வாடகை அல்ல, அடமானம். 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கான இத்தகைய அடமானம், இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே செல்லும். நடைமுறையில் லட்சக்கணக்கான ரூபாய் வெறும் பத்திரத்தாளில், பதியாமல், கைமாறுகிறது. வீட்டுக்காரர் இறந்து வாரிசுகள் பாகம் பிரிக்கும்போதோ, அதே வீட்டை வங்கியில் வைத்து ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தாலோ, பணம் கொடுத்தவர் கையில் பிடிமானம் எதுவும் இருக்காது.

மலையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கொல்லிமலையில் நிலம் வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலமாக இருந்தால், பழங்குடியல்லாதவருக்கு அதைக் கைமாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு பட்டாவிலேயே இருக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் இருக்கும் வீட்டுக்குப் போக்கியப் பணம் கொடுத்தால், பதியவும் வழியிருக்காது, திரும்பக் கேட்கவும் வலுவிருக்காது. பட்டாவின் நகலை வாங்கி நிபந்தனைகளைப் படியுங்கள், வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். இரண்டும் முடியாதென்றால் மாத வாடகையே பாதுகாப்பு. தொகுப்பு வீடு, பசுமை வீடு போன்ற அரசுத் திட்ட வீடுகள் பயனாளியின் குடும்பம் குடியிருப்பதற்காகத் தரப்பட்டவை. அவற்றை வாடகைக்கு எடுக்கும் முன் ஒப்படை ஆணையையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

சந்தேகம்: (வீட்டு உரிமையாளர் தரப்பில்) வாடகை ரசீது எழுதிக் கொடுத்தால், 12 வருடம் கழித்து வீடே அவருடையது என்று சொல்லிவிடுவாரோ?

இந்த அச்சம் மலையில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் கைநாட்டு வாங்கி நிலத்தைப் பறித்த கதைகள் பழங்குடி ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகின்றன. கையெழுத்து என்றாலே தயங்குவதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல.

ஆனால் இங்கே சட்டம் நேர் எதிராக வேலை செய்கிறது. 12 ஆண்டு என்று பேசப்படுவது, உரிமையாளரின் அனுமதியே இல்லாமல், அவருக்கு எதிராகவே, வெளிப்படையாக ஒருவர் அனுபவித்து வந்த சொத்துக்கு. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் உரிமையாளரின் அனுமதியோடு இருக்கிறார். எத்தனை ஆண்டு இருந்தாலும் அது எதிரிடை அனுபவம் ஆகாது. வாடகைதாரராக உள்ளே வந்தவர், தன்னைக் குடிவைத்தவருக்கு அந்த வீட்டில் உரிமையே இல்லை என்று குத்தகை நீடிக்கும் காலத்தில் வாதிடவும் சாட்சியச் சட்டம் விடாது. அப்படியானால் அவர் வாடகைதாரர்தான் என்பதற்கு உரிமையாளர் கையில் இருக்கும் சான்று எது? அந்த ஒப்பந்தமும், அவர் கையெழுத்திட்ட ரசீது அடிக்கட்டைகளும், வங்கிக் கணக்கில் மாதந்தோறும் வரவான வாடகையும்தான். எழுத்து இல்லாத வீட்டில்தான் வீட்டுக்காரருக்கு ஆபத்து அதிகம். மலையில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

வருமான வரி வந்துவிடுமோ என்ற தயக்கமும் உண்டு. அரசு ஊழியர், தன் வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை கோர ரசீது கேட்பார். ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மட்டுமே உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். வேறு பெரிய வருமானம் இல்லாத குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் மாத வாடகையால் வரி வராது.

சந்தேகம்: ஆடி பதினெட்டுக்கு வெளியூர்க் கூட்டம் வருகிறது, இரண்டு நாள் வீட்டைக் காலி செய்து கொடுங்கள் என்கிறார்கள். மறுக்கலாமா?

மறுக்கலாம். வல்வில் ஓரி விழாவுக்கும் ஆடிப்பெருக்குக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் வருகிற கூட்டத்துக்கு அறை போதாது. நாள் வாடகையும் அப்போது ஏறும். வீட்டுக்காரருக்கு அந்த வருமானம் பெரிதுதான். ஆனால் மாத வாடகை வாங்கிய காலம் முழுவதும் இடையூறின்றிக் குடியிருக்கும் உரிமை வாடகைதாரருடையது. விருப்பமிருந்தால், அந்த மாத வாடகையில் தொகையைக் குறைத்துக்கொள்ளும் உடன்பாட்டோடு ஒத்துக்கொள்ளலாம். கட்டாயப்படுத்த முடியாது.

சந்தேகம்: ஓடு ஒழுகுகிறது. யார் மாற்ற வேண்டும்?

மேலே 1,000 மீட்டருக்கும் கூடுதலான உயரம். மூடுபனியும் மழையும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் கூரையும் சுவரும் சீக்கிரம் கெடும். கூரை, சுவர், ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. பல்பு, குழாய், தாழ்ப்பாள் குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதிவிடுங்கள். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதை எழுத்து மூலம் சொல்லியும் நியாயமான காலத்துக்குள் செய்யவில்லையென்றால், நீங்களே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ள சொத்து மாற்றுச் சட்டம் இடம் தருகிறது. பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம்: வாழவந்தி நாட்டைச் சேர்ந்த பட்டதாரிப் பெண், நாமக்கல்லில் வேலை. வீடு பார்க்கப் போனால் "எந்த ஆளுங்க?" என்று கேட்டு, மலை என்றதும் வீடு இல்லை என்கிறார்கள். சட்டத்தில் வழி உண்டா?

முழு வழி இல்லை என்பதே உண்மை. தீண்டாமையின் பேரில் ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழங்குடியினரைச் சாதிப் பெயர் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ஆனால் "சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டோம்" என்று மென்மையாகச் சொல்லிக் கதவைச் சாத்துபவரைப் பிடிக்க 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் பிரிவு இல்லை. இருந்திருக்க வேண்டும். மலையிலிருந்து படித்து இறங்குகிற முதல் தலைமுறையை வேலைக்கு முன்பே வீட்டு வாசலில் மடக்குகிற கேள்வி இது. திருத்தம் கொண்டுவரும்போது அரசு இதைச் சேர்க்க வேண்டும்.

சந்தேகம்: நல்ல இடம், 20 வருட லீஸுக்குத் தருகிறார்கள். விடுதி கட்டலாமா?

குடியிருக்க வீடு எடுப்பதும் பழங்குடியினர் நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு எடுப்பதும் வேறு வேறு. நிபந்தனைப் பட்டா நிலமென்றால் நெருங்கவே வேண்டாம். பழங்குடியினர் நிலத்தை முறைகேடாக அனுபவிப்பதும் அவர்களை வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சந்தேகம்: வாக்குவாதம் முற்றிப் பூட்டை மாற்றிவிட்டார்கள். யாரிடம் போவது?

மிரட்டலோ பொருள் சேதமோ இருந்தால் வாழவந்தி நாடு காவல் நிலையம். வாடகைப் பாக்கி, அட்வான்ஸ் போன்ற பணப் பிணக்கு உரிமையியல் வழக்கு. அதைக் காவல் நிலையத்தில் பேசி முடிப்பதற்குச் சட்ட வலு கிடையாது. நீதிமன்ற உத்தரவின்றி வலிய வெளியேற்றப்பட்டவர், குறித்தவகை நிவாரணச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். அந்தக் கெடு தாண்டினால் இந்த எளிய வழி அடைபடும்.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. அதாவது செம்மேட்டில் வாடகைக்கு இருக்கும் ஆசிரியைக்கும் உண்டு, அவருக்கு வீடு கொடுத்த மலையாளி குடும்பத்துக்கும் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். நாமக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் மனு கொடுக்கலாம். போகும்போது ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், குடியேறிய நாளில் இருவரும் கையெழுத்திட்ட அந்தத் தாள் ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள்.