எரரைப் படிங்க பாஸ்!

நாளை ப்ராஜெக்ட் ரிவ்யூ. இன்றைக்குப் பார்த்து விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணிட்டீங்க... லினக்ஸ் மெனுவையே காணோமா? ஃபார்மேட் பண்ணிடாதீங்க! லினக்ஸ் பார்ட்டிஷனைத் தொடாத வரை ஃபைல்கள் பத்திரம்.

லைவ் பென் டிரைவில் பூட் செய்து, அந்தப் பார்ட்டிஷனை மவுன்ட் பண்ணி, 'சிஎச்ரூட்' மூலம் உள்ளே நுழைந்து க்ரப்பை நிறுவிப் பாருங்கள். முரண்டு பிடித்து, '/டெவ் மவுன்ட் ஆகியிருக்கா?' என்று எரர் கேட்கும். பதில் அதிலேயே இருக்கு!

/டெவ், /ப்ராக், /சிஸ் மூன்றும் டிஸ்க்கில் கிடையாது. ஓடும்போது கெர்னல் மெமரியில் உருவாக்கிக் காட்டுபவை. நீங்கள் நுழைந்த இடத்தில் இருப்பது வெறும் காலி ஃபோல்டர்கள்.

வெளியே வந்து, மூன்றையும் 'மவுன்ட் --ஆர்பைண்ட்' போட்டு உள்ளே இணையுங்கள். யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் /பூட்/இஎஃப்ஐ-யில் மவுன்ட் பண்ணணும். மறுபடி நுழைந்தால், க்ரப் சமர்த்தாக ஏறும்.

ரிவ்யூவுக்கு ஆல் தி பெஸ்ட்!