ஆள் இல்லாத நேரத்திலும் ஓடும் நிரல்

கணினி படிக்கும் உங்கள் மகளோ மகனோ, பால் நிறுக்கும் கொட்டகையின் கணக்கைப் பதிய ஒரு நிரல் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் நன்றாகவே ஓடுகிறது. பிள்ளை அந்தச் சாளரத்தை மூடியதும் நிரலும் நின்றுபோகிறது. இரவில் மின்சாரம் போய் வந்தாலும் அதே கதிதான். மறுநாள் நிறுத்த பால் கணக்கில் ஏறாது. கூலி குறைந்தால் யாரைக் கேட்பது?

கையால் தொடங்கிய நிரல், தொடங்கியவரோடு கட்டுண்டது. அதைக் கணினியின் பொறுப்பிலேயே ஒப்படைப்பதைத்தான் 'சேவை'யாக அமைத்தல் என்கிறோம். லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இப்பொறுப்பை ஏற்பது, 2010இல் வெளிவந்த சிஸ்டம்டி. பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்று வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியைப் போன்றது அது. மற்றச் சேவைகளை அதுவே எழுப்புகிறது. இப்படிப் பின்னணியில் உழைக்கும் நிரலுக்கு 'டீமன்' என்று பெயர். பேய் என்று அஞ்ச வேண்டாம். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த ஓயாத உழைப்பாளியின் பெயர் அது.

சிஸ்டம்டியிடம் ஒரு சிறு கோப்பு எழுதித் தர வேண்டும். எந்த நிரல் என்பதை முழு முகவரியோடு எழுதுவது நல்லது. யார் பெயரில் ஓட வேண்டும் என்றும் குறிக்க வேண்டும். இதில் பலர் சோம்பலால் எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். கொட்டகைச் சாவி போதும் என்பவரிடம் ஆபீஸ் சாவிக்கொத்து எதற்கு?

நிரல் பிழையால் விழுந்தால் மீண்டும் எழுப்பும்படி 'ரீஸ்டார்ட்' வரியில் சொல்லலாம். ஆனால் தொடர்ந்து விழுந்தால், பத்து விநாடிக்குள் ஐந்து தடவை தொடங்கிப் பார்த்துவிட்டு, வழக்கமான அமைப்பில் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் சில விநாடி பொறுத்து எழுப்பச் சொல்வது நல்லது.

அதிகம் பேர் ஏமாறும் இடம் இனிமேல்தான். 'ஸ்டார்ட்' என்ற கட்டளை இப்போது மட்டும் ஓட்டும். கணினி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ஓட வேண்டுமானால் 'எனேபிள்' என்பதையும் கொடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் கொடுத்தவருக்கு அன்று எல்லாம் சரியாகவே தெரியும். மின்சாரம் போன பிறகுதான் குட்டு வெளிப்படும்.

ஆகவே பிள்ளையிடம், வேலை முடிந்ததும் கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நிரலை யாரும் தொடாமலே 'ஸ்டேட்டஸ்' கட்டளை 'ஆக்டிவ்' என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால், காரணம் 'ஜர்னல்' பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும்.