அன்னாசி டார்ட் செய்யும் பக்குவம்

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன், தேக்கா நிலையத்தின் ஈரச்சந்தைக்கு வருவோரில் சிலர் காய்கறிகளோடு நான்கைந்து அன்னாசிப் பழங்களையும் வாங்கிச் செல்வதுண்டு. அவை வெட்டி உண்பதற்கு அல்ல. அன்னாசி டார்ட் செய்வதற்கு. பெரானாக்கான் சமையலோடு தொடர்புடைய இப்பலகாரம் சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் செய்யப்படுகிறது. இன்று சிங்கப்பூர்த் தமிழர் பலரின் வீடுகளிலும் தீபாவளித் தட்டில் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் பக்கத்தில் அது இடம்பிடித்துவிட்டது.

அன்னாசியின் தாயகம் தென்னமெரிக்கா. போர்ச்சுகீசியர் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தபோது பெயரும் உடன் வந்தது. தமிழரின் ‘அன்னாசி’யும் மலாய்க்காரரின் ‘நானாஸ்’ என்ற சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. ஹொக்கியன் மொழியில் அதன் பெயர் ‘ஓங் லாய்’. ‘செழிப்பு வருகிறது’ என்பதுபோல் ஒலிப்பதால் சீனர்கள் அதை மங்கலமாகக் கருதுகின்றனர். ஒரு காலத்தில் சிங்கப்பூரிலேயே, ரப்பர்க் கன்றுகள் வளர்ந்து பயன் தரும்வரை, அவற்றுக்கு இடையே அன்னாசி பயிரிடப்பட்டது. ஈசூன் வட்டாரத்தின் பெயருக்குக் காரணமான லிம் நீ சூன் ‘அன்னாசி மன்னர்’ என்றே அழைக்கப்பட்டார்.

டார்ட் நன்றாக வருவதும் வராததும் தண்ணீரைப் பொறுத்தது. அன்னாசியின் எடையில் ஏறக்குறைய 86 விழுக்காடு நீர். மேலைநாடுகளில் பழத்துண்டுகளின்மேல் மாவைப் பரப்பிச் சுடும் ‘காப்ளர்’ என்ற பண்டத்தில் சாறு வழிந்தாலும் குற்றமில்லை. சூடாகவே கரண்டியால் எடுத்து உண்டுவிடுவார்கள். டார்ட் அப்படியன்று. அது டப்பாவில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். அண்டை வீட்டாருக்கும் போக வேண்டும். ஈரம் மிஞ்சினால் மாவு ஊறிப்போகும். சில நாள்களில் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு நாள் உழைப்பு குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

ஆகவே, முதல் வேலை சாற்றை வற்றவைப்பது. துருவிய பழத்தைப் பிழிந்து, அடிகனமான பாத்திரத்தில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஆகியவற்றோடு மிதமான தீயில் கிளற வேண்டும். (அன்னாசிப்பூவுக்கும் அன்னாசிக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை.) சீனியை எடுத்ததுமே போட்டுவிடக்கூடாது. சீனி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஜாம் வற்றுவதற்கு நேரமாகும், அடியும் பிடிக்கும். சாறு பெரும்பாலும் வற்றிய பின் சேர்த்தால் அதே குணம் நன்மையாகிறது. எஞ்சிய நீரைச் சீனி பிடித்துக்கொள்வதால் பூஞ்சணம் வளர நீர் கிடைப்பதில்லை. இதற்கு ஒரு மணிநேரத்துக்கு மேலும் ஆகலாம். பெரும்பாலோர் பொறுமை இழப்பது இங்கேதான். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்க வேண்டும். ஆறிய ஜாமைக் கையில் உருட்டினால் உருண்டை தளரக்கூடாது. நேரமில்லாதோர் கடையில் ஆயத்த ஜாம் வாங்குகின்றனர். அதில் தவறில்லை, ஆனால், இனிப்பைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது.

அடுத்தது மாவு. வெண்ணெய் மாவுத்துகள்களின்மேல் படிந்து, நீர் அவற்றைச் சேராமல் தடுக்கிறது. நீர் சேர்ந்து அழுத்திப் பிசைந்தால் மாவில் இழுவைத்தன்மை உண்டாகும். சப்பாத்திக்கு வேண்டிய அந்த இழுவை டார்ட்டுக்கு ஆகாது. வாயில் கரைய வேண்டியது பல்லுக்கு வேலை வைத்துவிடும். வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரி செல்சியசில் உருகும். சிங்கப்பூரின் நண்பகல் வெப்பமே ஏறக்குறைய 31 டிகிரி, கைச்சூடு வேறு. எனவே, குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனிகளால் மட்டும் கலந்து, மாவை அரைமணிநேரம் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

பிறகு மாவை அச்சில் வெட்டி, நடுவில் ஜாம் உருண்டையை வைத்து, 170 டிகிரிக்குச் சூடேற்றிய அவன் அடுப்பில் ஏறத்தாழ 20 நிமிடம் சுட்டால் போதும். ஓரங்கள் பொன்னிறமானதும் எடுத்துக் கம்பித்தட்டில் முழுமையாக ஆறவிட வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் நீராவி மூடியில் துளித்துளியாகப் படிந்து கீழே சொட்டும். ஒரு மணிநேரம் நின்று கிளறி வெளியேற்றிய நீர் மீண்டும் டார்ட்டுக்குள் வந்துவிடும்.