டவர் நின்றது... போன் ஓய்ந்தது!

நிலநடுக்கத்தில் டவர் சாய்ந்துவிடும், அதனால்தான் செல்போன் வேலை செய்யாது என்று பலரும் நினைக்கிறார்கள். ஜப்பானில் நடந்தது வேறு.

2011 மார்ச் 11 பிற்பகல், நெல் விளையும் தோஹோகு பகுதியை 9.0 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. பின்னாலேயே வந்த சுனாமி, 20,000 ஹெக்டேருக்கும் அதிகமான விளைநிலத்தில் உப்புநீரை ஏற்றிவிட்டுப் போனது. எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 29,000 செல்போன் நிலையங்கள் செயலிழந்தன. அலை அடித்துச் சென்றவை அதில் கொஞ்சம்தான். பெரும்பாலானவை கரன்ட் இல்லாமல் நின்றவை.

டவருக்கு அடியில் இருக்கும் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் மாதிரிதான். சில மணி நேரம் தாங்கும். அதனால் பூமி குலுங்கிய நேரத்தைவிட மறுநாள்தான் அதிக டவர்கள் ஊமையாகின. ஜெனரேட்டர் கொண்டுபோக ரோடு இல்லை. ரோடு இருந்த இடத்தில் எரிபொருள் இல்லை.

தப்பிய டவர்களிலோ நெரிசல். நிறுவனங்கள் குரல் அழைப்புகளை 70 முதல் 95 சதவிகிதம் வரை கட்டுப்படுத்தின. டேட்டாவுக்கு அந்த அளவு கட்டுப்பாடு இல்லை. 'ஹலோ' சொல்ல முடியாதவர்களாலும், தாமதமானாலும், மெசேஜ் அனுப்ப முடிந்தது. ஆபத்து நேரத்தில் இது கைகொடுக்கும் விஷயம்.

ஆகவே, ஒரு வட்டாரத்தின் செல்போன் சேவைக்கு நிலநடுக்கத்தால் என்ன ஆபத்து என்று கணக்கிடுபவர்கள், இரும்பின் பலத்தை மட்டும் பார்ப்பதில்லை. பேட்டரி எத்தனை மணி நேரம் ஓடும்? டவரிலிருந்து போகும் கேபிள் ஒரே பாலத்தை நம்பி இருக்கிறதா? டவர் மொட்டைமாடியில் நின்றால், அந்தக் கட்டடம் தாங்குமா? ஈர மணல் பூமியா? குலுங்கும்போது அந்த மண் சேறாக இளகிவிடும். ஒரு டவர் போனால் பக்கத்து டவர் அந்த ஊரையும் எட்டுமா? இதில் கடைசிக் கேள்விதான் கிராமங்களுக்கு முக்கியம். நகரத்தில் டவர்கள் நெருக்கமாக இருக்கும். வயல்காட்டில் பெரும்பாலும் ஒன்றுதான்.

இதற்காக டோகோமோ நிறுவனம், சுமார் 7 கிலோமீட்டர் சுற்றளவை எட்டும் பெரிய நிலையங்களை 100-க்கும் மேற்பட்ட இடங்களில் அமைத்தது. சாதாரண நாளில் இவை சும்மாதான் இருக்கும். 2018 செப்டம்பரில் ஹொக்கைடோ தீவில் நிலநடுக்கம் வந்து, தீவு முழுக்க கரன்ட் போனது. கறவை இயந்திரம் ஓடாமல் மாட்டுப் பண்ணைகள் திண்டாடின. குளிர்விக்க வழியில்லாத பால் கொட்டப்பட்டது. அப்போதுதான் குஷிரோ நகரில் இப்படியொரு நிலையம் முதல்முறையாக இயக்கப்பட்டது.