பழைய வீடு வாங்குமுன்: வீட்டுப் பரிசோதனை பற்றி அறிய வேண்டியவை

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது பழமொழி. ஊரில் தம் கையாலே வீடு கட்டியவருக்கு அத்திவாரத்தின் ஆழமும் கூரை மரத்தின் தரமும் தெரியும். ரொறன்ரோவில் வீடு வாங்கும் குடும்பங்களோ பெரும்பாலும் வேறொருவர் ஐம்பது, எழுபது, நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டையே வாங்குகின்றன. புதிய வர்ணப்பூச்சுக்கும் புதிய சமையலறைக்கும் பின்னால் எத்தகைய கம்பியும் குழாயும் உள்ளன என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதனை அறிவதற்குரிய வழியே விரிவான வீட்டுப் பரிசோதனை. அதன் பயன் என்ன, எப்போது செய்விக்க வேண்டும், பழைய வீடுகளில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பன கீழே விளக்கப்படுகின்றன.

கையொப்பத்திற்கு முன்னரே ஏன்?

ஒன்ராறியோவில் கட்டுநரிடமிருந்து புதிய கொண்டோ வாங்குபவர் 10 நாட்களுக்குள் மனம் மாறி ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். ஏற்கெனவே பிறர் குடியிருந்த வீட்டை வாங்குபவருக்கு அத்தகைய கால அவகாசம் எதுவும் இல்லை. நிபந்தனையற்ற ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையொப்பமிட்டால் அது உறுதியாகிவிடும். அதன்பின் விலகுபவர் முற்பணத்தை இழப்பதோடு விற்பவருக்கு நட்டஈடும் செலுத்த நேரிடலாம். புதிய வீடுகளுக்கு உள்ள ராறியன் உத்தரவாதம் பழைய வீடுகளுக்குப் பொருந்தாது.

சாதாரணமாகப் பார்த்து அறியக்கூடிய குறைகளைத் தாமாக எடுத்துச் சொல்லும் கடமை விற்பவருக்கு இல்லை. வீட்டை ஆபத்தானதாகவோ குடியிருக்கத் தகாததாகவோ ஆக்கும் மறைந்த குறை ஒன்றை அவர் அறிந்திருந்தால், அதனைத் தெரிவிக்க வேண்டும். ஆயினும், அவர் அறிந்திருந்தார் என்பதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினமும் செலவும் மிக்கது. ஆகவே வாங்குபவருக்கு உரிய பாதுகாப்பின் பெரும்பகுதி, ஒப்பந்தம் உறுதியாவதற்கு முந்திய சில நாட்களிலேயே அடங்கியுள்ளது.

மதிப்பீடு வேறு, பரிசோதனை வேறு

கடன் வழங்குமுன் வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புவதுண்டு. அவர் அறிய முற்படுவது வீட்டின் சந்தைப் பெறுமதியை மட்டுமே. கூரை எத்தனை ஆண்டு தாங்கும், மின்னிணைப்பு பாதுகாப்பானதா என்பன அவருடைய பணிக்கு அப்பாற்பட்டவை. குறைந்த முற்பணத்துடன் வாங்குபவர் செலுத்தும் அடமானக் காப்புறுதியும் கடன் கொடுத்தவரையே பாதுகாக்கிறது. ‘வங்கி ஏற்றுக்கொண்டது, எனவே வீடு நல்ல நிலையில் உள்ளது’ என்று கருதுவது தவறு.

கட்டட வேலை அறிந்த உறவினர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கூறும் கருத்தும் உதவியானதே. எனினும், அவர் எழுத்தில் அறிக்கை தருவதில்லை. தவறு நேர்ந்தால் பொறுப்பேற்கும் காப்புறுதியும் அவரிடம் இல்லை.

பரிசோதனை நிபந்தனையும் விலைப் போட்டியும்

வாங்குபவர் சமர்ப்பிக்கும் விலைமனுவில் ‘வீட்டுப் பரிசோதனை வாங்குபவருக்குத் திருப்தியளிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். குறித்த நாட்களுக்குள் பரிசோதனை நடைபெறும். முடிவு திருப்தி தந்தால் வாங்குபவர் நிபந்தனையை எழுத்தில் விலக்குவார். இல்லையேல் ஒப்பந்தத்திலிருந்து விலகி முற்பணத்தைத் திரும்பப் பெறலாம். நிபந்தனையின் சொற்களும் காலக்கெடுவும் முக்கியமானவை. ஆதலால் கையொப்பமிடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுவது நன்று.

ஒரு வீட்டுக்குப் பலர் போட்டியிடும்போது, நிபந்தனையற்ற விலைமனுவையே விற்பவர் விரும்புவார். இத்தகைய நெருக்கடியில் பரிசோதனையைக் கைவிடும் குடும்பங்கள் பல. அதற்கு மாற்றுவழி உண்டு. விலைமனு சமர்ப்பிக்கும் நாளுக்கு முன்னரே, விற்பவரின் அனுமதியுடன், வாங்குபவர் தமது பரிசோதகரை அழைத்துச் செல்லலாம். வீடு கிடைக்காவிட்டால் அக்கட்டணம் வீணாகும் என்பது உண்மையே. ஆனால் சில நூறு டொலர் கட்டணம், பல ஆயிரம் டொலர் செலவிலிருந்து காக்கக்கூடியது.

சில வேளைகளில் விற்பவரே ஓர் அறிக்கையைத் தயாரித்து வைத்திருப்பார். அதனைப் படிப்பது பயனுள்ளது. எனினும், அப்பரிசோதகரின் ஒப்பந்தம் விற்பவருடனேயே செய்யப்பட்டது. அறிக்கையில் தவறு இருந்தால் வாங்குபவர் அவரிடம் நட்டஈடு கோர இயலாமற் போகலாம்.

பரிசோதகரைத் தெரிவுசெய்தல்

ஒன்ராறியோவில் வீட்டுப் பரிசோதகராகத் தொழில் செய்வதற்கு அரசாங்க உரிமம் கட்டாயமன்று. உரிமத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017இல் மாகாண சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டபோதிலும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் உரிமம் அவசியம். எனவே இங்கு பரிசோதகரின் தகைமையைச் சோதிக்கும் பொறுப்பு வாங்குபவரையே சார்கிறது. பின்வருவனவற்றைக் கேட்டறியலாம்:

• ஒன்ராறியோ வீட்டுப் பரிசோதகர் சங்கம் போன்ற தொழில்சார் அமைப்பில் அவர் உறுப்பினரா? ‘பதிவுபெற்ற வீட்டுப் பரிசோதகர்’ என்ற பட்டத்தை வழங்கும் உரிமையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இச்சங்கத்திற்கு அளித்துள்ளது.
• தொழிற்தவறுகளுக்கான காப்புறுதி அவரிடம் உண்டா?
• இதே காலத்தில் கட்டப்பட்ட வீடுகளைப் பரிசோதித்த அனுபவம் உண்டா?
• அவரது ஒப்பந்தம் எவற்றை உள்ளடக்குகிறது, எவற்றை விலக்குகிறது? நட்டஈட்டுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டுள்ளதா?
• வீட்டு விற்பனை முகவர் பரிந்துரைத்தவராயின், இருவருக்கும் இடையே பணத் தொடர்பு ஏதும் உண்டா?

பரிசோதகர் கண்ணுக்குத் தெரிவனவற்றையே ஆராய்வார். சுவரைத் திறந்து பார்க்கமாட்டார். பனி மூடிய கூரையை மாசி மாதத்தில் முழுமையாகப் பார்க்க இயலாது. குளிர்காலத்தில் குளிரூட்டியை இயக்கிச் சோதிக்கவும் முடியாது. பார்க்க இயலாதவை எவை என்பதை அறிக்கையில் குறிப்பிடுமாறு கேட்க வேண்டும். பரிசோதனை நடைபெறும் சில மணிநேரமும் வாங்குபவர் உடனிருப்பது சிறந்தது. அறிக்கை ஆங்கிலத்தில் அமையும் என்பதால், தேவைப்படுவோர் மொழிபெயர்த்துச் சொல்லக்கூடிய ஒருவரை அழைத்துச் செல்லலாம்.

கட்டப்பட்ட ஆண்டு உணர்த்துவது என்ன?

வீடு எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்பதை அறிந்தால், எக்குறைகளைத் தேட வேண்டும் என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

1950க்கு முற்பட்ட வீடுகள்: கபேஜ்ரவுன், ரிவர்டேல், பார்க்டேல் போன்ற பகுதிகளில் இவை மிகுதி. பீங்கான் குமிழ்களில் தாங்கப்பட்ட, எர்த் இணைப்பு இல்லாத ‘நொப் அண்ட் ரியூப்’ மின்கம்பிகள் சுவருக்குள் எஞ்சியிருக்கலாம். காப்புறுதி நிறுவனங்கள் பல இத்தகைய வீட்டை ஏற்க மறுக்கின்றன, அல்லது குறித்த காலத்துள் கம்பிகளை மாற்றுமாறு கோருகின்றன. வீட்டுக் காப்புறுதி இல்லாவிடின் வங்கி கடனை வழங்காது. ஆகவே, நிபந்தனைக் காலம் முடியுமுன்னரே காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டறிவது இன்றியமையாதது. ரொறன்ரோவின் பழைய தெருக்கள் சிலவற்றில் கறையானும் உண்டு. அது வெப்ப நாடுகளுக்கே உரியது என்று எண்ணி அலட்சியம் செய்தலாகாது.

1950களின் நடுப்பகுதிவரை கட்டப்பட்டவை: தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குடிநீர்க் குழாய் ஈயத்தாலானதாக இருக்கலாம். ஈயம் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் குறிப்பாகத் தீங்கு விளைவிப்பது. காணி எல்லைக்கு உட்பட்ட குழாய் உரிமையாளரின் பொறுப்பு. எல்லைக்கு வெளியேயுள்ளது மாநகரின் பொறுப்பு. உரிமையாளர் தமது பகுதியை மாற்றும்போது மாநகரும் தனது பகுதியை முன்னுரிமையுடன் மாற்றித் தரும் திட்டம் உண்டு.

போருக்குப் பிந்திய ஒருமாடி வீடுகள்: ஸ்காபரோவிலும் ஈஸ்ற் யோர்க்கிலும் இவை பரவலாக உள்ளன. 60 அம்பியர் மின்வசதி, துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், களிமண்ணாலான கழிவுநீர்க் குழாய்கள் ஆகியன கவனிக்கத்தக்கவை. முன்னர் எண்ணெயால் சூடாக்கப்பட்ட வீடாயின், பழைய எண்ணெய்த் தாங்கி நிலத்துக்குள் கைவிடப்பட்டுள்ளதா எனக் கேட்க வேண்டும்.

1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் பிற்பகுதிவரை: செப்பின் விலை உயர்ந்திருந்த இக்காலத்தில் அலுமினிய மின்கம்பிகள் பயன்படுத்தப்பட்டன. செப்புக்கென வடிவமைக்கப்பட்ட இணைப்புகளில் அவை தளர்ந்து சூடேறக்கூடும். உரிமம்பெற்ற மின் ஒப்பந்தகாரர் ஒருவர் சோதித்துத் திருத்தினால் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். யூரியா ஃபோமல்டிஹைட் நுரைக் காப்பு 1980இல் கனடாவில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய வீடுகளில் அது எஞ்சியிருக்கலாம்.

பரணில் கூழாங்கல் போன்ற வேர்மிக்குலைற் காப்பு காணப்பட்டால் அதனைக் கிளறக்கூடாது. 1990வரை விற்கப்பட்ட சில வகைகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. அதனை உறுதிப்படுத்த ஆய்வுகூடச் சோதனை தேவை.

நீரும் நிலக்கீழ் அறையும்

2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. 2024 யூலை 16 அன்று மீண்டும் பெருமழை பெய்து டொன் வலி பார்க்வே நீரில் மூழ்கியது. இரு தடவையும் நகரின் பல நிலக்கீழ் அறைகளில் வெள்ளம் புகுந்தது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய பகுதிகளில், குழாய் நிரம்பினால் கழிவுநீர் வீட்டுக்குள் பின்னோக்கி வரக்கூடும்.

சுவரின் அடியில் வெண்படிவு, பூசண மணம், அத்திவார வெடிப்பு, நிலக்கீழ் அறையில் மட்டும் புதிதாகப் பூசிய வர்ணம் ஆகியவை கேள்வி எழுப்ப வேண்டிய அடையாளங்கள். முன்னர் வெள்ளம் வந்ததா, காப்புறுதிக் கோரிக்கை செய்யப்பட்டதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்கலாம். மர வேர்கள் நுழைந்த களிமண் குழாயை வழக்கமான பரிசோதனை காட்டாது. கமெரா செலுத்திப் பார்க்கும் சோதனையைத் தனியாகக் கோர வேண்டும். பின்னோட்டத் தடுப்பு வால்வு, நீரிறைக்கும் பம்பி ஆகியவற்றைப் பொருத்துவதற்கு மாநகரின் நிலக்கீழ் வெள்ளத் தடுப்பு மானியம் உதவக்கூடும்.

வாடகையை நம்பி வாங்குவோர் கவனத்திற்கு

நிலக்கீழ் அறையின் வாடகையைக் கணக்கிட்டே பல குடும்பங்கள் கடன் தவணையைத் திட்டமிடுகின்றன. அக்குடியிருப்பு அனுமதியின்றி அமைக்கப்பட்டதாயின் அக்கணக்குப் பொய்த்துவிடும். தீ பரவாத தடுப்பு, ஒன்றோடொன்று இணைந்த புகை எச்சரிக்கைக் கருவிகள், தப்பிச் செல்லும் வழி ஆகியன விதிகளுக்கு அமைய இருத்தல் வேண்டும். இவை வாடகைக்குக் குடியிருப்போரின் உயிரோடு தொடர்புடையவை. திருத்தி அமைக்கும் செலவு புதிய உரிமையாளரையே சாரும்.

கட்டட அனுமதி விண்ணப்பங்களின் நிலையை மாநகரின் இணையத் தேடலில் பார்க்கலாம். சுவரை அகற்றி அகலமாக்கிய கூடமோ புதிதாக அமைத்த குளியலறையோ இருந்தால், அனுமதி பெறப்பட்டதா என்பதைச் சட்டத்தரணி மூலமும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சுடுநீர்க் கொதிகலன் வாடகைக்கு எடுக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். அவ்வாறாயின் அதன் மாதாந்தக் கட்டணம் வாங்குபவருக்கு மாறலாம்.

அறிக்கை கிடைத்தபின்

எந்தப் பழைய வீட்டின் அறிக்கையும் நீண்டதாகவே இருக்கும். நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குறைகளை மூன்றாகப் பிரித்து நோக்கலாம்: உயிருக்கும் கட்டமைப்புக்கும் ஆபத்தானவை, சில ஆண்டுகளுள் மாற்ற வேண்டியவை, வழக்கமான பராமரிப்பு. முதல் வகைக்கு மின் ஒப்பந்தகாரர், கட்டமைப்புப் பொறியியலாளர், குழாய்த் தொழிலாளர் ஆகியோரிடம் செலவு மதிப்பீடு பெற வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மல்வேர்னில் 1970களில் கட்டப்பட்ட வீடொன்றில் அலுமினியக் கம்பிகளும் ஆயுள் முடிந்த கூரையும் கண்டறியப்பட்டதாகக் கொள்வோம். வாங்குபவர் விலையைக் குறைக்கக் கேட்கலாம், விற்பவரே திருத்தித் தரக் கோரலாம், செலவை ஏற்று, அதற்கெனப் பணம் ஒதுக்கி வாங்கலாம், அல்லது விலகலாம். இந்நான்கும் நிபந்தனைக் காலம் முடியும்வரையே அவர் கையில் உள்ளன. முற்பணத்திற்கு முழுச் சேமிப்பையும் செலவிடும் குடும்பத்திற்கு, முதற் குளிர்காலத்தில் பழுதாகும் வெப்பமூட்டியை மாற்றவும் பணம் எஞ்சாது. அந்த நிலையைத் தவிர்ப்பதே பரிசோதனையின் நோக்கம்.

மேலதிக உதவி

ஈயக் குழாய் மாற்றுத் திட்டம், வெள்ளத் தடுப்பு மானியம், கட்டட அனுமதிப் பதிவுகள் ஆகியவை பற்றிய தற்போதைய விபரங்களை 311 என்ற இலக்கத்தில் எந்நேரமும் கேட்கலாம். அழைப்பவர் ‘ரமில்’ என்று கூறினால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். மின்னிணைப்புத் தொடர்பான கேள்விகளுக்கு ஒன்ராறியோ மின் பாதுகாப்பு அதிகாரசபையையும், வீட்டு விற்பனை முகவரின் கடமைகள் பற்றி ஒன்ராறியோ வீட்டு விற்பனைச் சபையையும் நாடலாம்.