பைன் மரத்தில் ஒரு தூளி
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முகாம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது கூடாரமே. ஆனால் சென்ற மே மாதம் கொடைக்கானல் மலையில் எங்கள் பள்ளிச் சாரணியர் பன்னிருவர் இரண்டு இரவுகள் உறங்கியது கூடாரத்தில் அன்று. பைன் மரங்களுக்கிடையே கட்டிய தூளிகளில்! மேனாட்டார் இதனை 'ஹேமக்' என்பர். 1492-இல் கொலம்பஸ் கரிபியன் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்த மக்கள் இத்தகைய தூளியில்தான் உறங்கினர். நமக்கும் தூளி புதிதன்று. ஆனால் குழந்தைத் தூளி உத்தரத்தில் ஓரிடத்திலிருந்து நேராகத் தொங்குவது; இதுவோ இரண்டு மரங்களுக்கு நடுவே கிடப்பது. அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை விழுந்த பிறகே கற்றோம்.

ஏப்ரல் மாதம் பள்ளி வளாகத்து வேப்பமரங்களில் ஒத்திகை நடந்தது. நடுவில் தொய்வு இருந்தால் தரையில் இடிக்கும் என்றெண்ணி, நால்வர் சேர்ந்து கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினோம். எங்களில் மிக ஒல்லியானவளை முதலில் ஏற்றினோம். அவள் படுத்த மறுகணமே கயிறு அறுந்தது. மணல்மீது விழுந்ததால் முழங்கையில் சிராய்ப்போடு தப்பினாள். நாங்கள் சிரித்தோம், ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எங்களில் சற்றுப் பருமனான தோழி அவள். "இவளுக்கே அறுந்தால் எனக்கு?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்துவிட்டாள். அதற்கு முன்பு சிலர் அவளைக் கேலி செய்ததுண்டு. அச்சிலரில் நானும் ஒருத்தி.

கயிறு ஏன் அறுந்தது என்று கணித ஆசிரியையிடம் கேட்டேன். அவர்கள் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார்கள். ஒவ்வொரு பக்கக் கயிறும் தாங்கும் இழுவிசையைக் காண, படுப்பவரின் எடையைக் கயிற்றின் சாய்வுக் கோணத்துடைய சைன் மதிப்பின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். சைன் 30° என்பது அரை. எனவே 30 பாகைச் சாய்வில் கயிற்றின் சுமை நம் எடைக்குச் சமம். கோணம் 10 பாகையாகக் குறைந்தால் அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது! அதாவது, விறைப்பாகக் கட்டிய தூளியில் 40 கிலோ பெண் படுத்தால் ஒவ்வொரு கயிறும் 115 கிலோ தாங்க வேண்டும். தளரக் கட்டிய தூளியில் 60 கிலோ பெண் படுத்தால் 60 கிலோதான். கயிற்றை அறுத்தது உடல் எடையன்று, எங்கள் விறைப்பே! இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தோழியின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இரண்டு முறை தானே போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினாள். அன்று முதல் எங்கள் ஜியோமிதிப் பெட்டியின் 30 பாகை மூலைமட்டமும் முகாம் சாமான்களில் ஒன்றாயிற்று.

அடுத்தது இடம். காட்டில் நம் விருப்பம்போல் இரவு தங்க இயலாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் மாண்டதைப் பெற்றோர் மறந்திருக்கவில்லை. எனவே தியான இல்லம் ஒன்றின் வேலியிட்ட வளாகத்திலுள்ள பைன் தோப்பைச் சகோதரிகள் கேட்டு வாங்கித் தந்தார்கள். கொடைக்கானலின் புகழ்பெற்ற பைன் காடும் தானாக முளைத்ததன்று. 1906-இல் பிரையண்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி நடத் தொடங்கியது என்பர். வரிசையாக நட்ட தோப்பில் தூளி கட்டுவது எளிது. பன்னிரண்டு முதல் பதினைந்து அடி இடைவெளியுள்ள இரு மரங்கள் வேண்டிய மட்டும் கிடைக்கும். இரு கைகளின் விரல்களும் சேராத அளவு பருமனுள்ள, உயிருள்ள மரமாக இருக்க வேண்டும். கட்டுமுன் தலைக்கு மேலே பார்ப்பது மிக அவசியம். பட்ட கிளை தொங்கும் மரத்தடி நமக்காகாது. மெல்லிய கயிறு பட்டையை அறுத்து மரத்தைப் புண்ணாக்கும் என்பதால் இரண்டு விரல் அகல நைலான் நாடாவையே மரத்தில் சுற்றினோம். தூளிக்குக் கடையில் 'பாராசூட் துணி' என்று கேட்டு வாங்கினோம். படுத்தபின் தரைக்கு ஒன்றரை அடிக்கு மேல் உயரம் கூடாது. நேராகப் படுத்தால் முதுகு வில்லாக வளையும். சற்றுக் குறுக்காகப் படுத்தால் துணி விரிந்து தட்டையாகும்.

கீழே உதிர்ந்து கிடக்கும் ஊசியிலைகளில் பிசின் உண்டு. காய்ந்தால் நொடியில் பற்றும். ஆகவே 'முகாம் நெருப்பு' கிடையாது. டார்ச் விளக்கை நடுவில் வைத்துப் பாடினோம். சிலருக்கு ஏமாற்றம்தான். சமையல் இல்லத்தின் சமையலறையில் நடந்தது.

மலையில் மே மாதத்திலும் இரவு குளிரும். அதிலும் தூளியில் குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்தே அதிகம் வரும்! கம்பளி வெப்பம் காப்பது அதனுள் அடைபட்ட காற்றினால். அதன்மேல் நாம் படுத்து நசுக்கிவிட்டால் அந்தக் காற்று போய்விடும். ஆகவே ஒரு கம்பளியைத் தூளிக்கு வெளியே, அடியில் தொங்குமாறு கட்டினோம். தையல் வகுப்பில் ஓரங்களில் நாடா தைத்தது இதற்கு உதவிற்று. மழைக்கு மேலே தார்ப்பாய். மரத்தில் வழியும் நீர் நாடா வழியே தூளிக்குள் வந்துவிடாமலிருக்க நாடாவில் ஒரு சிறு நூலைத் தொங்கவிட வேண்டும். நீர் அதன் வழியே சொட்டிவிடும்.

இருவர் இருவராகச் சேர்த்து ஆறு சோடிகள். ஒருத்தி கழிப்பறைக்குச் சென்றால் மற்றவளும் செல்ல வேண்டும். வரிசையின் இரு முனைகளிலும் சகோதரிகளின் தூளிகள். "சிஸ்டரும் தூளியிலா!" என்று ஓர் அம்மா வியந்தார்கள், அதன்பின் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

முதல் இரவு மழை தூறியது. என் தூளியில் நூல் கட்ட மறந்ததால் கால்மாடு நனைந்து பாதி இரவு விழித்திருந்தேன். பக்கத்துத் தூளியில் தோழி மூலைமட்டத்தை வைத்து இரு முறை சரிபார்த்துவிட்டுப் படுத்தாள். காலைத் திருப்பலிக்கு மணி அடித்தபோது, கடைசியாக எழுப்ப வேண்டியிருந்தது அவளைத்தான்.